மூளை முளைக்குமா? விதிக்காரர்களும் ஊசி வியாபாரிகளும்

ஒரு தோழர் நமக்கு எழுதியிருக்கும் கடிதத்தின் சாரமாவது:

அவருடைய தகப்பனாருக்குப் பாரிசவாயு என்கின்ற பக்கவாதம் கண்டு வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறுகின்றது. இது நடந்து மூன்று மாதமாகின்றது. வீட்டிலுள்ள பெரியவர்கள், "மூளை செத்தது செத்ததுதான், அவர் தலையில் எழுதினது அவ்வளவுதான், இனி அவர் கட்டிலில் கிடக்க வேண்டியதும், நாம் சோறு ஊட்ட வேண்டியதும்தான் பாக்கி" என்கின்றார்களாம். இதற்கு நேர் விரோதமாக ஓர் ஏஜெண்டு வீடு தேடி வந்து, "செத்த மூளை அணுக்கள் மறுபடியும் முளைக்கும் என்பதை மேல்நாட்டு விஞ்ஞானிகளே கண்டுபிடித்துவிட்டார்கள், எங்களிடம் வந்து ஸ்டெம் செல் ஊசி நாலு போட்டுக்கொண்டால் எழுந்து நடப்பார்" என்று சொல்லிப் பெருந்தொகை கேட்கின்றாராம். இருக்கின்ற கொஞ்ச நிலத்தையும் விற்றுவிடலாமா என்று குடும்பத்தில் யோசனை நடக்கின்றதாம். "இந்த இரண்டில் எது உண்மை? விஞ்ஞானம் என்று சொல்லுகின்றபடியால் நம்பலாமா?" என்று தோழர் கேட்கின்றார்.

தோழருக்கு நாம் சொல்லும் பதில் என்னவென்றால், இரண்டும் பொய் என்பதேயாகும். விதி என்பவர் செய்ய வேண்டிய முயற்சியைக் கெடுக்கின்றார். ஊசி என்பவர் வைத்திருக்கும் பணத்தைக் கெடுக்கின்றார். இருவருக்கும் நடுவில் கிடந்து கெடுகின்றவர், பாவம், கட்டிலில் படுத்திருக்கின்ற அந்தப் பெரியவர்தான். நாம் சொல்லுகின்றோம் என்பதற்காக இதை நம்ப வேண்டியதில்லை. நடந்த சங்கதிகளைக் கீழே எழுதுகின்றோம். படித்துவிட்டு உங்கள் புத்தியைக் கொண்டே முடிவு செய்யுங்கள்.

விஞ்ஞானத்திலும் ஒரு வேதவாக்கு

நம் உடம்பில் தோல் தேய்ந்தால் புதுத்தோல் வருகின்றது. ரத்தம் போனால் புது ரத்தம் ஊறுகின்றது. கல்லீரலில் ஒரு பகுதியை அறுத்தெடுத்தாலும் மிச்சமிருப்பது வளர்ந்து ஈடுகட்டுகின்றது. ஆனால் மூளையிலுள்ள நரம்பணு மாத்திரம் செத்தால் செத்ததுதான், வயது வந்தவன் மூளையில் புதிதாக ஒன்றுகூடப் பிறக்காது என்பதாக ஏறக்குறைய இருபதாம் நூற்றாண்டு முழுவதும் வைத்தியக் கல்லூரிகளில் சொல்லிக் கொடுத்து வந்தார்கள்.

இந்த அபிப்பிராயத்துக்குப் பெரிய ஆதாரமாக நின்றவர் ஸ்பெயின் தேசத்து சந்தியாகோ ரமோன் இ கஹால் என்கின்ற பேரறிஞர். அவருடைய யோக்கியதையில் நமக்கு அணுவளவும் சந்தேகமில்லை. மூளை என்பது ஒரே வலையாகப் பின்னிக் கிடக்கவில்லை, தனித்தனி நரம்பணுக்களால் ஆனது என்பதைப் பூதக்கண்ணாடியில் கண்டு, கண்டதைக் கையால் படம் போட்டு நிலைநாட்டியவர் அவர். 1906-ம் வருஷத்தில் அவருக்கும் இத்தாலி தேசத்து காமில்லோ கோல்ஜிக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தப் பரிசு மேடையிலேயே கோல்ஜி எழுந்து கஹாலின் கொள்கையை எதிர்த்துப் பேசினார் என்றால், கஹால் எப்பேர்ப்பட்ட பழங்கொள்கையை உடைத்தவர் என்பதைத் தெரிந்துகொள்ளலாம்.

அப்படிப்பட்டவர், நரம்புகள் சிதைவதையும் மீள வளருவதையும் பற்றி 1913-14-ம் வருஷங்களில் வெளியிட்ட பெரிய நூலில், வளர்ந்து முதிர்ந்த மூளையின் நரம்பு வழிகள் நிலைபெற்றுவிட்டவை, அங்கே சாவு உண்டு, மறுபிறப்பு இல்லை என்ற கருத்தை எழுதினார். அக்காலத்துக் கருவிகளைக் கொண்டு பார்த்தால் தெரிந்தது அவ்வளவுதான். அவரும் இதை முடிந்த முடிவாகக் கட்டிவைத்துப் போகவில்லை. இதை மாற்ற முடியுமானால் மாற்றும் வேலையைப் பின்னால் வருகின்ற விஞ்ஞானத்துக்கு விட்டுத்தான் எழுதினார். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்கின்ற கதையாகப் பின்வந்த சிஷ்யர்கள் தீர்ப்பை எடுத்துக்கொண்டார்கள். திறந்து வைத்திருந்த கதவைச் சாத்திவிட்டார்கள். பழமையை உடைத்தவருடைய சொல்லே ஒரு புதுப் பழமையாய்விட்டது.

கண்டவர்கள் பட்ட பாடு

1962-ம் வருஷத்தில் அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்னும் கல்வி ஸ்தாபனத்தில் வேலை பார்த்த ஜோசப் ஆல்ட்மன் என்பவர், மூளையில் காயம் உண்டாக்கப்பட்ட வளர்ந்த எலிகளுக்குக் கதிரியக்கமுள்ள ஒரு பொருளை ஊசி மூலம் கொடுத்துப் பார்த்தார். அந்தப் பொருளுக்கு ஒரு குணம் உண்டு. புதிதாகப் பிறக்கின்ற அணு எதுவோ அதனுள்ளே போய் அடையாளமாகத் தங்கிவிடும். பிறகு மூளையைச் சீவிப் பார்த்தபோது சில நரம்பணுக்களிலும் அந்த அடையாளம் இருக்கக் கண்டார். 1965-ல் அவரும் கோபால் தாஸ் என்பவரும் சேர்ந்து, எலியின் மூளையில் ஞாபகசக்திக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்கின்ற பகுதியில் பிறந்த பிறகும் புது நரம்பணுக்கள் உண்டாகின்றன என்று விரிவாக எழுதி வெளியிட்டார்கள்.

என்ன நடந்தது? யாராவது சோதனை செய்து பொய்யென்று காட்டினார்களா? இல்லை. ஏறக்குறைய யாரும் சட்டை செய்யவேயில்லை. 1977-ல் மைக்கேல் காப்லன் என்பவர் எலக்ட்ரான் பூதக்கண்ணாடி கொண்டு பார்த்து, இவை நரம்பணுக்களேதான் என்று மறுபடியும் காட்டினார். அவருக்கும் அதே மரியாதைதான். கடைசியில் அவர் அந்த ஆராய்ச்சியையே விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. ஒரு வறட்டுக் கொள்கை செத்ததைப் பற்றியும், அதற்குள் தம்முடைய ஆராய்ச்சி வாழ்வு செத்துப்போனதைப் பற்றியும் 2001-ல் அவரே எழுதியிருக்கின்றார்.

1980-களில் பெர்னாண்டோ நாட்டிபோம் என்பவர், வளர்ந்த கானரிப் பறவையின் மூளையில், பாட்டுக்குரிய பகுதியிலேயே, புது நரம்பணுக்கள் பிறக்கின்றன என்று காட்டினார். "அது பறவை, மனிதன் பறவையா?" என்றார்கள். 1985-ல் யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்த பாஸ்கோ ராகிக், வளர்ந்த குரங்குகளின் மூளையில் தேடிப் பார்த்தேன், இல்லை என்று எழுதினார். அதோடு விவகாரம் தீர்ந்தது என்று பலரும் எண்ணினார்கள்.

இதைப் படிக்கின்ற வைதீகர் யாராவது, "பார்த்தீர்களா, உங்கள் விஞ்ஞானத்திலும் குருட்டு நம்பிக்கை உண்டே" என்று கைதட்டக்கூடும். கைதட்டட்டும். அதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. மனிதன் இருக்கின்ற இடத்திலெல்லாம் பெரியவர் சொல்லுக்குப் பயப்படும் குணமும் இருக்கின்றது, விஞ்ஞானியும் மனிதன்தான். ஆனால் கைதட்டின கையைக் கீழே போடுவதற்கு முன் மேலே நடந்ததையும் கேட்டுவிட்டுப் போகட்டும்.

1998-ம் வருஷத்தில் ஸ்வீடன் தேசத்து பீட்டர் எரிக்சனும் அமெரிக்காவிலுள்ள பிரெட் கேஜும் மற்றவர்களும் சேர்ந்து, மனிதனிடத்திலேயே சோதனைக்கு ஒரு வழி கண்டார்கள். புற்றுநோய்க்காரர்கள் சிலருக்கு அவர்களுடைய வியாதியின் வளர்ச்சியை அளப்பதற்காக, பிறக்கும் அணுக்களில் அடையாளமாகத் தங்கக்கூடிய ஒரு மருந்து கொடுக்கப்பட்டிருந்தது. அவர்களில் ஐந்து பேர் இறந்தபின் அவர்களுடைய மூளையைச் சோதித்ததில், ஹிப்போகாம்பஸில் அடையாளமேறிய நரம்பணுக்கள் இருந்தன. அடுத்த வருஷமே, முன்பு "இல்லை" என்ற அதே ராகிக்கும் டேவிட் கோர்னாக்கும், வளர்ந்த குரங்கின் ஹிப்போகாம்பஸில் புது நரம்பணு உண்டு என்று தாங்களே சோதித்து எழுதினார்கள். எதிர்த்தவரே தம் கையால் சோதித்து ஒப்புக்கொள்ளும் இந்த நாணயத்தை, ஆயிரம் வருஷத்து ஏட்டைக் கட்டிக்கொண்டு அழுகின்ற எந்தக் கூட்டத்திலாவது ஒரு தடவையாவது பார்த்ததுண்டா என்று கேட்கின்றோம். ஆல்ட்மனும் 2011-ல் ஸ்பெயின் தேசத்து அஸ்தூரியாஸ் பரிசில் பங்குபெற்றார். முதல் கட்டுரை எழுதி அரை நூற்றாண்டு ஆகத்தான் செய்தது. ஆனாலும் வந்தது.

அணுகுண்டு கொடுத்த சாட்சி

அடுத்தபடியாக வந்த சோதனை இன்னும் ருசிகரமானது. 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் ஆகாயத்தில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்ததனால், கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கரி உலகத்துக் காற்றிலெல்லாம் அதிகப்பட்டது. 1963-ல் ஏற்பட்ட உடன்படிக்கைக்குப் பின் அது வருஷந்தோறும் குறைந்து வந்தது. காற்றிலிருந்து பயிருக்கும், பயிரிலிருந்து சோற்றுக்கும், சோற்றிலிருந்து நம் உடம்புக்கும் அது வந்து சேருகின்றது. ஓர் அணு எந்த வருஷம் பிறந்ததோ அந்த வருஷத்துக் காற்றின் அளவு அதனுடைய மரபுப்பொருளில் பதிந்துவிடுகின்றது. ஆகவே அணு ஒவ்வொன்றும் தன் ஜாதகத்தைத் தானே வைத்திருக்கின்றது. ஜோசியர் கணிக்கும் ஜாதகம் போலல்லாமல், இது அளந்து பார்க்கக்கூடியது.

ஸ்டாக்ஹோமில் உள்ள கரோலின்ஸ்கா ஸ்தாபனத்தில் யோனாஸ் பிரிசேன், கிர்ஸ்டி ஸ்பால்டிங் முதலியவர்கள் இந்தக் கணக்கைக் கொண்டு 2013-ல் வெளியிட்டது என்னவென்றால், வயது வந்த மனிதனுடைய ஒவ்வொரு ஹிப்போகாம்பஸிலும் நாளொன்றுக்குச் சுமார் 700 புது நரம்பணுக்கள் சேருகின்றன என்பதாகும்.

இதிலும் சச்சரவு தீர்ந்துவிடவில்லை. 2018-ல் ஷான் சோரல்ஸ் முதலியவர்கள் 59 மூளைகளின் பகுதிகளைப் பார்த்து, குழந்தைப் பருவத்துக்குப் பின் இது மளமளவென்று குறைந்துவிடுகின்றது, பெரியவர்களிடம் எங்களுக்குத் தென்படவில்லை என்றார்கள். அதே வருஷத்தில் மௌரா போல்டிரினி முதலியவர்கள் 14 வயது முதல் 79 வயது வரை உள்ளவர்களிடம் உண்டு என்றார்கள். இறந்த மூளையை எவ்வளவு நேரம் மருந்தில் ஊறவைப்பது என்பதிலேயே முடிவு மாறுகின்றது என்று 2019-ல் ஸ்பெயினிலிருந்து காட்டினார்கள். 2025-ல் கரோலின்ஸ்காவிலிருந்தே, 78 வயது வரையுள்ள மூளைகளை ஆராய்ந்து, நரம்பணுவாக மாறவேண்டிய தாயணுக்கள் பெரியவர்களிடமும் பெருகிக்கொண்டிருக்கின்றன என்று வெளியிட்டார்கள். எவ்வளவு, எல்லோரிடத்திலுமா என்பதில் இன்னும் வாதம் நடக்கின்றது. நடக்கட்டும். வாதம் நடக்கின்ற இடத்தில்தான் உண்மைக்கு இடமுண்டு.

காயம்பட்டால் முளைக்கின்றதா?

நிற்க, தோழர் கேட்ட கேள்வி இனிமேல்தான் வருகின்றது. ஏதோ ஒரு மூலையில் கொஞ்சம் புது அணு பிறக்கின்றது என்பதாலேயே, பாரிசவாயுவில் செத்த மூளை மறுபடியும் முளைத்துவிடும் என்று ஆகிவிடுமா? ஏஜெண்டு தந்திரமாகத் தாண்டிப் போகின்ற இடம் இதுதான். முதல் பாதி உண்மையைச் சொல்லி, இரண்டாம் பாதிப் பொய்யை அதன் முதுகில் ஏற்றி விற்கின்றார்.

ஸ்வீடனில் லுண்ட் சர்வகலாசாலையில் ஓலே லிண்ட்வால், ஸால் கொகாயா முதலியவர்கள் 2002-ல் எலிகளுக்குப் பாரிசவாயு உண்டாக்கிப் பார்த்தார்கள். காயம்பட்ட இடத்துக்குப் புது நரம்பணுக்கள் போய்ச் சேரத்தான் செய்தன. இது பெரிய அதிசயம்தான். ஆனால் போன அணுக்களில் நூற்றுக்கு 80-க்கு மேல் சில வாரத்துக்குள் செத்துவிட்டன. பிழைத்து நின்றவை, செத்த அணுக்களில் நூற்றுக்கு 0.2 பங்கைத்தான் ஈடுசெய்தன. அதாவது ஆயிரம் பேர் போன வீட்டில் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள்.

இது எலியின் கதை. மனிதன் கதை என்ன? 2014-ல் அதே ஸ்டாக்ஹோம் கூட்டத்தாரும் மற்றவர்களும், பாரிசவாயு கண்டு பிறகு இறந்தவர்களின் மூளையின் மேற்புறணியை எடுத்து, முன்சொன்ன கரிக்கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அங்கிருந்த நரம்பணுக்களின் வயது, அந்த மனிதர்களின் வயதாகவே இருந்தது. வியாதிக்குப் பின் பிறந்த அணு என்று கண்டுகொள்ளத்தக்கதாக ஒன்றும் இல்லை. புது அணு உண்டு என்று 2013-ல் சொன்ன அதே ஆராய்ச்சிக்கூடம்தான் காயத்துக்குப் பின் மேற்புறணியில் இல்லை என்றும் சொல்லிற்று என்பதைக் கவனிக்க வேண்டும். ஏஜெண்டு முதல் சங்கதியை மாத்திரம் சொல்லுகின்றார். இரண்டாவதைச் சொன்னால் வியாபாரம் நடக்காது.

இன்னும் சந்தேகம் இருப்பவர்கள் ஒரு சாதாரணக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெரிய ரத்தக்குழாய் அடைபட்ட பாரிசவாயுவில், வைத்தியம் செய்யாமல் விட்டால், சராசரியாக நிமிஷம் ஒன்றுக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று அமெரிக்க வைத்தியர் ஜெப்ரி சேவர் 2006-ல் கணக்கிட்டார். பிறப்பதோ, அதிகம் சொல்லுகின்ற கணக்குப்படி பார்த்தாலும், இரண்டு பக்கமும் சேர்த்து நாளொன்றுக்கு 1,400. அப்படியானால் ஒரே நிமிஷத்தில் செத்ததை ஈடுகட்ட 1,357 நாள், அதாவது 3 வருஷம் 8 மாதத்துக்கு மேல் ஆகும். அதுவும் அந்த 1,400-ம் தன் இடத்தை விட்டு, செத்த இடத்துக்கு நடந்து போய், அங்கே பிழைத்து, பழைய தொடர்புகளையெல்லாம் தேடிப் பிடித்தால்தான். அவை அப்படிப் போவதேயில்லை. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள். இங்கே பொரியும் யானை வாய்க்கு வரவில்லை.

பிறகு எப்படிச் சிலர் எழுந்து நடக்கின்றார்கள்?

"செத்தது முளைக்காதென்றால், விதி என்று எங்கள் பெரியவர்கள் சொன்னதுதானே சரி?" என்று தோழர் கேட்கலாம். அதுதான் தப்பு. பாலம் இடிந்துபோனால் ஊருக்குப் போகவே வழியில்லை என்று அர்த்தமா? சந்து உண்டு, வரப்பு உண்டு, சுற்றுவழி உண்டு. முதல் நாள் முள்ளும் கல்லுமாக இருக்கும். நாள்தோறும் நூறு வண்டி போனால் அதுவே ரஸ்தாவாகிவிடும். மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. செத்தவை போக மிச்சமிருப்பவை தங்களுக்குள் புதுத் தொடர்புகளை உண்டாக்கிக்கொண்டு, செத்தவற்றின் வேலையில் ஒரு பகுதியை எடுத்துச் செய்யக் கற்றுக்கொள்ளுகின்றன. ஆனால் இந்த வழி நடந்தால்தான் உண்டாகும். நடக்காத வழியில் புல் முளைத்துவிடும்.

இதற்கு நடந்த சாட்சி ஒன்று சொல்லுகின்றோம். நியூயார்க்கில் உபாத்தியாயராக இருந்த பெத்ரோ பாக்-இ-ரீட்டா என்கின்ற அறிஞருக்கு 1959-ல், 65-வது வயதில், பாரிசவாயு கண்டு ஒரு பக்கம் விழுந்து பேச்சும் போய்விட்டது. அக்கால வழக்கப்படி கொஞ்ச நாள் பயிற்சி கொடுத்துப் பார்த்துக் கைவிட்டுவிட்டார்கள். வைத்திய மாணவராக இருந்த அவர் மகன் ஜார்ஜ், "நடக்கத் தெரியாவிட்டால் குழந்தை என்ன செய்கின்றது? தவழுகின்றது. நீங்களும் தவழுங்கள்" என்று சுவரோரமாகத் தகப்பனைத் தவழவிட்டார். தரையில் கோலிக்குண்டு உருட்டிப் பிடிக்கச் சொன்னார். பாத்திரம் கழுவச் சொன்னார். அக்கம்பக்கத்தார், வயோதிகரைத் தவழவிடுகின்றானே என்று ஏசினார்கள். மாதக்கணக்கில் இது நடந்தது. தவழ்ந்தவர் முழங்காலில் நின்றார், முழங்காலில் நின்றவர் நடந்தார், பேச்சு வந்தது, திரும்பவும் கல்லூரிக்குப் போய்ப் பாடம் சொன்னார்.

சில வருஷம் கழித்து அவர் கொலம்பியா தேசத்தில் மலையேறும்போது மாரடைப்பால் இறந்தார். பிரேதத்தைச் சோதித்தபோது என்ன கண்டார்கள்? பாரிசவாயுவினால் உண்டான அழிவு அப்படியே இருந்தது. மூளையிலிருந்து முதுகுத்தண்டுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புகளில் நூற்றுக்கு 97 பங்கு அழிந்தே கிடந்தன. ஒன்றும் முளைக்கவில்லை. மனிதர் மாத்திரம் மலையேறிக்கொண்டிருந்தார். விதிக்காரருக்கும் ஊசிக்காரருக்கும் இந்த ஒரு பிரேதம் பதில் சொல்லிவிட்டது. அவருடைய இன்னொரு மகன் பால், இதைப் பார்த்த பிறகு தம் வாழ்நாளை இந்த ஆராய்ச்சிக்கே செலவழித்தார்.

ஒருவர் கதையைக் கொண்டு எல்லோருக்கும் முடிவு கட்டலாமா என்றால், கட்டக்கூடாதுதான். ஆகவே பலபேரை வைத்துச் சோதித்ததையும் சொல்லுகின்றோம். 2006-ல் அமெரிக்காவில் ஏழு ஸ்தாபனங்கள் சேர்ந்து, பாரிசவாயு கண்டு 3 மாதத்திலிருந்து 9 மாதம் வரை ஆனவர்களும், கையில் கொஞ்சமாவது அசைவு உள்ளவர்களுமான 222 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நல்ல கைக்கு உறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நோயாளிக் கையாலேயே வேலை செய்யும்படி இரண்டு வாரம் கடும்பயிற்சி கொடுத்தார்கள். மற்றப் பிரிவினரை வழக்கமான வைத்தியத்தோடு விட்டார்கள். பயிற்சி பெற்றவர்களுடைய கை மற்றவர்களுடையதைவிட நன்றாகத் தேறிற்று. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அந்த நன்மை நின்றது. எல்லோரும் பூரண குணமடைந்தார்களா என்றால் இல்லை. யாரும் அப்படிச் சொல்லவுமில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லுவதுதான் வைத்தியம். "பூரண குணம், உத்தரவாதம்" என்பது கடைத்தெரு வார்த்தை.

ஊசியின் யோக்கியதை

"போட்டுத்தான் பார்ப்போமே, வந்தால் லாபம், போனால் பணம்தானே" என்பார்கள். பணம் மாத்திரம் போனால் பரவாயில்லையே! பாரிசவாயுவிலிருந்து மீளாத 66 வயதுள்ள அமெரிக்கர் ஒருவர், சீனா, அர்ஜென்டினா, மெக்ஸிகோ ஆகிய தேசங்களுக்குப் போய் முதுகுத்தண்டின் நீரில் ஸ்டெம் செல் என்று சொல்லிய ஊசிகளைப் போட்டுக்கொண்டார். பிறகு அவருடைய முதுகுத்தண்டுக் குழாயில் கட்டி வளர்ந்து, நன்றாயிருந்த காலும் கெட ஆரம்பித்தது. கட்டியை எடுத்துச் சோதித்தால், அதிலிருந்தது பெரும்பாலும் அவருடைய அணுவே அல்ல, வேறு யாருடையதோ! இதை 2016-ல் பேர்போன வைத்தியப் பத்திரிகை ஒன்றில் அவருக்கு வைத்தியம் செய்த டாக்டர்களே எழுதியிருக்கின்றார்கள். முளைக்கும் என்றார்கள், முளைக்கத்தான் செய்தது. மூளை முளைக்கவில்லை, கட்டி முளைத்தது.

நம் நாட்டிலும் 2017-ம் வருஷத்திய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் விதிமுறையானது, ரத்த வியாதி முதலிய சிலவற்றுக்கு அங்கீகரிக்கப்பட்ட ரத்த மூல அணு மாற்று வைத்தியம் தவிர, மற்ற ஸ்டெம் செல் வைத்தியத்தையெல்லாம் ஆராய்ச்சி என்றே வைத்து, அனுமதி பெற்ற சோதனைக்கு வெளியே செய்வது முறையல்ல என்று சொல்லுகின்றது. ஆகவே தோழர் அந்த ஏஜெண்டைப் பார்த்து மூன்று கேள்வி மாத்திரம் கேட்கட்டும். இது நிரூபிக்கப்பட்ட வைத்தியம் என்றால், ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த சோதனை எங்கே, எப்போது வெளியாயிற்று? இது சோதனை என்றால், சோதனைக்கு உடம்பைக் கொடுக்கின்றவரிடம் பணமும் வாங்குவது எந்த ஊர் நியாயம்? ஊசியால் கட்டி வந்தால் யார் பொறுப்பு என்று எழுதிக் கொடுப்பாரா? இந்த மூன்றுக்கும் பதில் வராது. "நம்பிக்கையோடு போடுங்கள்" என்று மாத்திரம் வரும். நம்பிக்கை வேண்டும் என்று கேட்கின்ற வைத்தியம் வைத்தியமல்ல.

நேர்மையான ஆராய்ச்சிக்கு நாம் விரோதியல்ல. செத்த இடத்தில் அணுவை வளர்க்க முடியுமா என்று உலகமெங்கும் அறிஞர்கள் பாடுபடுகின்றார்கள். நாளைக்கு ஒருவர் மெய்ப்பித்துக் காட்டினால், இதே பத்திரிகையில் முதல் பக்கத்தில் போட்டு, நாம் எழுதினதைத் திருத்திக்கொள்ளுவோம். அப்படித் திருத்திக்கொள்ளுவதில் நமக்கு வெட்கமில்லை. திருத்திக்கொள்ள மறுப்பதுதான் வெட்கம்.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, நேரம். திடீரென்று முகம் கோணினாலும், ஒரு கை விழுந்தாலும், பேச்சுக் குழறினாலும் மருந்து அரைக்கவும், கயிறு கட்டவும், கற்பூரம் கொளுத்தவும் உட்காராதீர்கள். பத்து நிமிஷம் போனால் ஒரு கோடியே 90 லட்சம் அணு போகின்றது. ரத்தக்குழாய் அடைபட்டதா, வெடித்ததா என்பது மூளையைப் படம்பிடித்துப் பார்த்தாலொழியத் தெரியாது. அடைபட்டதாயிருந்தால், கட்டியைக் கரைக்கின்ற மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும். எவ்வளவு முந்துகின்றதோ அவ்வளவு நல்லது. ஆகவே ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே ஓடுங்கள். சாகாமல் காப்பாற்றக்கூடிய அணுவைச் சாகவிட்டுவிட்டு, செத்த அணுவை முளைக்கவைக்க நிலத்தை விற்பது, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வதாகும்.

இரண்டாவது, பயிற்சி. தோழரே, உங்கள் தகப்பனாருக்குச் சோறு ஊட்டுவதை முடிந்தவரை குறையுங்கள். இது கல்நெஞ்சு அல்ல. அவர் கையில் கரண்டியைக் கொடுங்கள். சிந்தட்டும், துடைத்துக்கொள்ளலாம். விழுங்குவதில் கஷ்டம் உண்டா, எதை எவ்வளவு செய்யலாம் என்பதை வைத்தியரிடமும் பயிற்சி கொடுப்பவரிடமும் கேட்டுக்கொண்டு, தினந்தோறும் அதே காரியத்தை நூறு தடவை செய்யச் செய்யுங்கள். பேச்சுக்கும் அப்படியே. மூன்று மாதம் ஆகிவிட்டதே என்று பயப்பட வேண்டாம். மேலே சொன்ன 222 பேரும் மூன்று மாதம் கடந்தவர்கள்தான். நிலத்தை விற்காதீர்கள். அதன் வரும்படியில் ஒரு சிறு பங்கு, பயிற்சி கொடுக்கின்றவருக்கு மாதக்கணக்கில் கொடுக்கப் போதும்.

வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. தலையில் எழுத்து இருக்கின்றது என்று சொல்லுகின்றீர்கள். மண்டையைத் திறந்து பார்த்த வைத்தியர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். எழுத்தை ஒருவரும் காணவில்லை. அவர்கள் கண்டதெல்லாம், நாம் செய்கின்ற ஒவ்வொரு காரியத்தாலும் மாறிக்கொண்டே இருக்கின்ற ஒரு மூளையைத்தான். அதில் எழுதுகின்றவர் வேறு யாருமில்லை. கரண்டியைத் தூக்க முயற்சி செய்கின்ற அந்தக் கைதான் எழுதுகின்றது. அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளாமல் விடுங்கள்.